சுபம் போட்ட பிறகும் மாமி இருந்தார்

படம் ஓட்டும் அறையின் சுவரில் ஒரு சதுர ஓட்டை இருக்கும். ஒரு பள்ளிக்கூடக் கொப்பி அட்டையின் அளவுதான். வெளிச்சம் திரையில் சரியாக விழுகிறதா என்று மெசினுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பதற்கான ஓட்டை அது. திருகோணமலைப் பட்டினத்தில், துறைமுகத்துக்குப் போகும் தெருவில் இருந்த ஒரு தியேட்டரில், அந்த ஓட்டைக்குப் பின்னால்தான் என் இளமைக்காலம் முழுவதும் போனது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு றீல் சுற்றுபவனாக உள்ளே போனவன், பிறகு ஒப்பரேற்றர் ஆனேன். நாலு பேர் முன்னால் நிமிர்ந்து கதைக்க வராத எனக்கு அந்த இருட்டறை பொருந்திப் போயிற்று. சனங்கள் ஒருமுறை பார்த்து அழுதுவிட்டுப் போகும் இடத்தை நான் வாரக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். அப்படிப் பார்த்தால் அழுகை தீர்ந்துபோகும். அது தீர்ந்த இடத்தில் எனக்குக் கோபம்தான் மிஞ்சியது.

அந்த ஓட்டை வழியாக எத்தனையோ கிழவிகளைப் பார்த்துவிட்டேன். ஒருத்திக்கும் சொல்லிக்கொள்ள ஒரு தொழில் இல்லை. ஒருத்திக்கும் ஒரு சிநேகிதி இல்லை, ஒரு சண்டை இல்லை, நாளைக்கு என்று ஒரு அலுவல் இல்லை. தலையில் நரைக்காகப் பூசிய மா, உடம்பில் வெள்ளைச் சேலை, தொண்டையில் இருமல். மகனை நினைத்து அழுதழுது கண் தெரியாமல் போகும். கடைசி றீலில் மகன் வந்து காலில் விழுவான், அவள் அவன் முகத்தைத் தடவிப் பார்த்து அறிந்துகொள்வாள். அதோடு செத்துப்போவாள், இல்லாவிட்டால் ஒரு நல்ல கதிரையில் இருத்தப்படுவாள். கிழவர்களுக்கு இந்த மரியாதையும் இல்லை. பணக்காரன் என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழவேண்டும். ஏழை என்றால் பல்லில்லாத வாயால் குமர்ப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்து அடி வாங்கவேண்டும், அதற்குக் கீழே மலிவு ரிக்கட் கலரி விசிலடிக்கும். இப்படி ஒரு படத்தில் தாயாக நடித்தவர், மகனாக நடித்தவரை விட வயதில் குறைந்தவர் என்று ஒரு சினிமாப் பத்திரிகையில் வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. படம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நீங்கள் கேட்கலாம். என் மாமியை அறிந்திருந்தால் கேட்கமாட்டீர்கள்.

மாமி என்றால் என் தாய்மாமனின் மனைவி. எங்களுடைய ஊர் சல்லி, பட்டினத்துக்கு வடக்கே ஒரு கடற்கரைக் கிராமம். மாமா இருந்தபோது கரையில் மீன் கூறுவது அவருடைய வேலை. கூறுவது என்றால் ஏலம் விடுவது. வள்ளம் வந்ததும் மீனை மணலில் குவிப்பார்கள். சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வியாபாரிமார் சுற்றி நிற்பார்கள். குவியலுக்குப் பக்கத்தில் நின்று விலையை ஏற்றிக்கொண்டு போக ஒரு குரல் வேண்டும். மாமா காய்ச்சலில் போன பிறகு, அந்த இடத்தில் மாமி போய் நின்றார். பெண் பிள்ளை கூறுவதா என்று ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தார்களாம். மாமியின் குரலை ஒருநாள் கேட்ட பிறகு முணுமுணுத்தவர்களின் வள்ளங்களும் அவரிடம்தான் வந்தன. ஏனென்றால் அந்தக் குரல் அலைக்கு மேலால் கேட்கும். கிண்ணியாவிலிருந்து வந்த வியாபாரி ஒருவர், விலை ஏறிய கோபத்தில், "மாமி, இந்த விலைக்கு நான் கடலையே வாங்கிப்போடுவன்" என்றார். "வாங்கு தம்பி, உப்புச் சும்மா வரும்" என்றார் மாமி. கரை முழுக்கச் சிரித்தது. சிரித்த கையோடு அந்தக் குவியல் அவர் கேட்ட விலைக்கே போனது.

அப்போதே மாமிக்கு அறுபது தாண்டியிருக்கும். முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிய கடும் நீலச் சேலை. வெள்ளை கட்டினால் மீன் இரத்தம் காட்டிக்கொடுக்கும் என்பார். வெற்றிலை போட்ட வாய். யார் யாருடைய வலையை அறுத்தது, யார் வீட்டுப் பெண்ணை எங்கிருந்து கேட்டு வந்தார்கள் என்ற கதையெல்லாம் முதலில் அவருக்குத்தான் வரும். சில நேரங்களில் தியேட்டருக்கும் வருவார். சண்டைக் காட்சி என்றால் உயிர். ஆனால் திரையில் ஒரு தாய் நெஞ்சைப் பிடித்து இருமினால் எழும்பிவிடுவார். "இவ இருமத் தொடங்கிட்டா. இனி மகன் திருந்திடுவான். வா போவம்" என்று பக்கத்துப் பெண்களையும் கிளப்பிக்கொண்டு போவார்.

மாமிக்கு ஒரே மகன். எனக்கு மச்சான். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் கெட்டவர்கள் இல்லை. சிறுவயதில் என்னோடு தியேட்டருக்கு வந்து, தாய்ப் பாசப் படங்களைத் தலைகீழாகப் பாடம் பண்ணியவர். கப்பல் வேலை கிடைத்துப் போனார். தன் கல்யாணத்துக்கு வந்தார், திரும்பவும் போனார். கடைசியாக, போதும் என்று எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஊருக்கு வந்தபோது, வருகிறேன் என்று ஒரு சொல்லும் அனுப்பவில்லை. படத்தில் யாரும் சொல்லிவிட்டு வருவதில்லைதானே.

அன்று காலை நானும் கரையில் நின்றேன். பாரை மீன் குவிந்து கிடந்தது. விலை ஏறிக்கொண்டிருந்தது. வாடகைக் கார் ஒன்று தென்னைகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மச்சான் இறங்கி, சப்பாத்துக் காலோடு மணலில் ஓடி வந்து, நடுவில் நின்ற மாமியின் காலில் விழுந்தார். "அம்மா, நீங்கள் உழைச்சது போதும். இனி இந்தக் கரையில நீங்கள் நிக்கக்கூடாது" என்று அழுதார். வலை இழுப்பவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். ஒருவர் கை தட்டினார்.

"கொஞ்சம் பொறு மோனை, மீன் வெயிலில கிடக்குது" என்றார் மாமி.

யாரும் அதைக் கேட்கவில்லை. மாமியை இரண்டு பக்கத்தாலும் பிடித்துக் காரில் ஏற்றினார்கள். அந்தப் பாரையை வேறு யாரோ கூறி அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார்கள். தியேட்டராக இருந்தால் அந்த இடத்தில் சுபம் போட்டிருக்கும், நானும் லைட்டைப் போட்டிருப்பேன், சனங்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆனால் மாமிக்கு அடுத்த நாளும் விடிந்தது.

மச்சான் ஒரு சாய்மனைக் கதிரை வாங்கிப் போட்டார். வெள்ளைச் சேலைகள் வாங்கினார். சமைக்க ஆள், துவைக்க ஆள். மாமி அடுத்த நாளும் விடிய எழும்பிக் கரைக்குப் போனார். அங்கே அவர் நிற்கும் இடத்தில் ஒரு பெடியன் நின்று கூறிக்கொண்டிருந்தான். மாமியைக் கண்டதும் எல்லோரும் எழும்பி மரியாதையாக நின்றார்கள். ஒருவர் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டில் கதிரை ஒன்று வாங்கி வந்து, தென்னை நிழலில், மணலில் போட்டார்.

"என்னடா இது? கரையில கதிரை போட்டு ஆரைக் கண்டனீங்கள்?"

"இருங்கோ மாமி. காலில விழுந்து கேட்ட பிள்ளை. அவன்ர சொல்லை மீறி உங்களைக் கூறவிட்டா எங்களுக்கெல்லோ பாவம்."

இதே மனிதர்கள்தான் அதற்கு முந்திய நாள் வரை அவரோடு விலைக்குக் கத்தியவர்கள். அவர் திட்டினால் திருப்பித் திட்டியவர்கள். இப்போது ஒருவரும் திருப்பித் திட்டவில்லை. அதுதான் தன்னைக் கொன்றது என்று மாமி பிறகு என்னிடம் சொன்னார். "நான் ஏசினாலும் சிரிக்கிறாங்கள் மருமோன். பிள்ளைத்தாச்சியைப் பாக்கிறமாதிரிப் பாக்கிறாங்கள்." ஊரில் பெண்கள் எல்லோரும் கொடுத்து வைத்த மனுசி என்றார்கள். கொடுத்து வைத்த மனுசி வாசலைப் பார்த்தபடி கதிரையில் இருந்தார். கடலின் சத்தம் அங்கே கேட்கும், கரையின் கதை கேட்காது.

மச்சானோடு கதைக்கும்படி மாமி என்னைத்தான் கேட்டார். "நீ படம் ஓட்டுறனி. உன்ர சொல்லை அவன் கேப்பான்." எனக்குக் கதைப்பது எவ்வளவு கஷ்டமென்று அவருக்குத் தெரியும், தெரிந்தும் கேட்டார். நான் போனேன். மச்சானை முற்றத்தில் நிறுத்தி, மாமிக்குக் காலில் வருத்தமில்லை, குரலில் வருத்தமில்லை, கூறுவது அவருக்குச் சுமையில்லை, அதுதான் அவர் என்று எனக்குத் தெரிந்த சொற்களில் சொன்னேன். மச்சான் என் தோளில் கையைப் போட்டார். "மச்சான், நீ படம் ஓட்டுறனி. ஆனா படம் பாக்கத் தெரியாது உனக்கு" என்றார். "தாய்மார் அப்பிடித்தான் சொல்லுவினம். நாங்கள்தான் விளங்கவேணும்." மாமி வேண்டாம் என்றால் தியாகம். அவர் வேண்டும் என்றால் அதுவும் தியாகம். மாமி எதைச் சொன்னாலும் அது ஏற்கெனவே யாரோ எழுதிவைத்த வசனமாகவே மச்சானின் காதில் விழுந்தது.

அந்த வருடம் எங்கள் தியேட்டருக்கு ஒரு பெரிய தாய்ப் படம் வந்தது. அம்மாவுக்கு ஆறுதலாக இருக்குமென்று மச்சான் பல்கனிக்கு ரிக்கட் எடுத்து, வெள்ளைச் சேலை கட்டவைத்துக் கூட்டி வந்தார். நான் ஓட்டையில் நின்றேன். மாமியின் பின்தலை எனக்கு நேரே கீழே தெரிந்தது. சனிக்கிழமை. கலரியில் பாதிப் பேர் சல்லிக்காரர்.

தாய் இருமினாள். மாமியால் எழும்பிப் போக முடியவில்லை, மகன் கையைப் பிடித்திருந்தார். இடைவேளை முடிந்து, தாயை யார் வைத்துப் பார்ப்பது என்று பிள்ளைகள் திரையில் சண்டை பிடிக்கும் இடம் வந்தது. மூத்தவன் ஏலாது என்றான். இளையவன் மனைவியைப் பார்த்தான். தாய் மூலையில் நின்று சேலைத் தலைப்பைக் கடித்தாள். தியேட்டர் முழுக்க விசும்பல்.

அப்போது பல்கனி இருட்டிலிருந்து அந்தக் குரல் எழுந்தது.

"கேளுங்கோ, கேளுங்கோ! மூத்தவர் கேக்கேல்ல, இளையவர் கேக்கேல்ல! கிழவி ஒண்டு கரையில கிடக்குது, ஆர் கேக்கிறது?"

பிறகு கலரியிலிருந்து, பழக்க தோசத்தால், ஒரு குரல் பதில் சொன்னது: "கருவாட்டுக்கெண்டாக் கேக்கிறன் மாமி!"

"கருவாட்டுக்குப் போற சாமானோடா இது? செவிளைத் தூக்கிப் பார், சிவப்பு! பழசெண்டு ஆர் சொன்னது? தலையில கிடக்கிற மாவைத் தட்டிவிடு, இண்டைக்குப் பிடிச்ச மீன்!"

"ஐஞ்சு சதம்!"

"ஐஞ்சு சதத்துக்கு உன்ர அப்பனைக் கொண்டா, அவருக்கும் மாப் பூசித் தாறன்!"

கலரி கிடுகிடுத்தது. வரிசை வரிசையாக எழும்பி விலை கேட்டார்கள். திரையில் அந்தப் பெண் அழுதுகொண்டே இருந்தாள், அவளுடைய சத்தம் ஒருவருக்கும் கேட்கவில்லை. நான் ஓட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன். அவ்வளவு சத்தமாக நான் சிரித்தது அந்த அறைக்குப் புதிது. மனேஜர் வந்து கதவைத் தட்டும்வரை நான் மெசினை நிறுத்தவில்லை. லைட் வந்தபோது மாமி எழும்பி நின்றுகொண்டிருந்தார், கரையில் நிற்பதுபோல, ஒரு கை இடுப்பில். பக்கத்தில் மச்சான் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார்.

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் தன்னைச் சொல்ல முடியுமா? ஆனால் அடுத்த நாள் ஊர் என்ன சொன்னது தெரியுமா? மாமிக்கு மூளை பிசகிவிட்டது. இருட்டில் எழும்பி விலை கேட்டவர்களே அப்படிச் சொன்னார்கள். படத்தில் ஒரு கிழவி அழாமல் சிரித்தால் அவள் பைத்தியம்தானே, வேறென்ன? கோயிலில் நூல் கட்டினார்கள். மச்சான் வேலையெல்லாம் விட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்து காவல் காத்தார். அவருடைய கண் கலங்கியிருப்பதைக் கண்டு சனங்கள் இன்னும் மெச்சினார்கள்.

என்னைத் தவிர மாமியின் பக்கம் நின்ற ஒரே ஆள் மருமகள், மச்சானின் மனைவி. மச்சாள் அதிகம் கதைக்காத பெண். ஒருநாள் காலை, மச்சான் பட்டினத்துக்குப் போன நேரம், நீலச் சேலைகளை ஒரு பையில் வைத்துக் கட்டி, "போயிட்டு வாங்கோ மாமி" என்று அவரே நிலாவெளி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். நிலாவெளியில் கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஒருவர் மாமிக்குப் பழக்கம். அவருடைய கரையில் கூற ஆள் இல்லை.

அடுத்த கிழமை நான் போய்ப் பார்த்தேன். வலை கரையேறியிருந்தது. மாமி குவியலுக்குப் பக்கத்தில் நின்றார். என்னைக் கண்டும் காணாததுபோல விலையை முடித்துவிட்டுத்தான் வந்தார். "இஞ்ச ஒருத்தரும் எனக்குக் கதிரை போடேல்ல மருமோன்" என்றார். பிறகு, எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, "ஊரில போய்ச் சொல்லு. நான் வந்தது என்ர காலில எண்டு சொல்லு. என்ர மருமோளையும் மோனையும் ஒருத்தரும் பிழையாக் கதைக்கக்கூடாது" என்றார்.

நான் வந்து சொன்னேன். கோயிலடியில் சொன்னேன், கடையில் சொன்னேன், வெட்கத்தை விட்டுச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. அதற்குள் அவர்களிடம் ஒரு கதை தயாராக இருந்தது. மருமகள் சோறு போடவில்லை. மகன் துரத்திவிட்டான். பாவம் கிழவி, அநாதையாய்க் கண்காணாத கரையில் மீன் பொறுக்குகிறாள். மச்சாள் கிணற்றடிக்குப் போனால் மற்றப் பெண்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். முதல் றீலில் தெய்வமாக இருந்த மச்சான் இரண்டாம் றீலில் பாவியானார். மாமி நிலாவெளியில் பல வருடம் உழைத்தார், சண்டை பிடித்தார், அங்கேயும் ஊர்க்கதை எல்லாம் அவரிடம்தான் முதலில் வந்தது. சல்லியில் அவர் கண்ணீர் வடித்துக்கொண்டே இருந்தார். எந்த மாமி உண்மையானவர் என்று கேட்டால், அதிகம் பேர் அறிந்தது அழுத மாமியைத்தான். என் கோபம் அங்கேதான் கிடக்கிறது. ஒரு மனிதரின் சோற்றைப் பறித்தால் அவர் வேறு இடத்தில் உழைத்துத் தின்னலாம். அவர் யார் என்பதையே பறித்துவிட்டு, அந்த இடத்தில் மா பூசிய ஒரு பொம்மையை நட்டுவைத்தால் அவர் எங்கே போய் முறையிடுவது?

போன வருடம் மாமி போய்விட்டார். இரண்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். மச்சான் போய் உடலை ஊருக்குக் கொண்டுவந்தார். அவர் உண்மையாகவே உடைந்துபோயிருந்தார், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் வீட்டு முற்றத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். தாயைப் பற்றிய படப் பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பாட்டை நிறுத்தி, ஊரில் மேடைப் பேச்சுப் பேசும் ஒருவர் மைக்கைப் பிடித்தார். மகன் வரும் வழியைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன தாய் என்றார். தள்ளாத வயதில் தனிமையில் வாடி மெலிந்த உடல் என்றார். சனங்கள் விம்மினார்கள். மச்சாள் குசினிக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றார், பெண்களின் பார்வைக்குப் பயந்து. வேலியோரமாக நிலாவெளியிலிருந்து வந்த வலைக்காரர் ஏழெட்டுப் பேர், இது யாருடைய சாவீடு என்று தெரியாதவர்களைப்போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வயர் விசயம் எனக்குத் தெரியும். எந்த வயரை இழுத்தால் எது நிற்கும் என்பது ஒன்றுதான் எனக்கு நன்றாகத் தெரிந்த படிப்பு. நான் பந்தலுக்குப் பின்னால் போய் பெட்டியிலிருந்து ஒலிபெருக்கி வயரை இழுத்துக் கழற்றினேன். பேச்சாளரின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. வாழ்க்கையில் முதல் தடவையாக அத்தனை கண்கள் என்மேல்.

"மாமிக்குக் கண் நல்லாத் தெரியும்" என்றேன். "அவ வாடேல்ல, மெலியேல்ல. ஒருத்தரையும் பாத்துக்கொண்டு இருக்கவுமில்ல. மச்சாளில பிழையுமில்ல. அவ வேலைக்குப் போனவ. வேணுமெண்டா இவையளைக் கேளுங்கோ."

வேலியோரத்தில் நின்றவர்களில் வயது கூடிய ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்தார். "ஓம்" என்றார். "காய்ச்சல் வந்த அண்டைக்கும் எங்கட சாளை மீனை அவதான் கூறினவ. நல்ல விலை."

மச்சான் தாயின் தலைமாட்டில் இருந்தபடி என்னைப் பார்த்தார். குசினிக் கதவு திறந்து மச்சாள் வெளியே வந்து மாமியின் காலடியில் இருந்தார். ஒலிபெருக்கிக்காரப் பெடியன் என்னிடம் வந்து, "அண்ணை, வயரைத் தாங்கோ, பாட்டுப் போடவேணும், பிரேதம் எடுக்க இன்னும் நேரம் கிடக்கு" என்று கையை நீட்டினான்.

மாமியைத் தூக்கிக்கொண்டு போகும்வரை நான் அதைக் கொடுக்கவில்லை.